மன்னவனூருக்கு அப்பால் ஒரு மண் வீடு: மேல்மலையில் நிலம் வாங்கும் முன் இங்கே தங்கிப் பாருங்கள்

அப்பா ஓய்வு பெற்ற நாளில் இருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். கொடைக்கானல் மேல்மலையில் முப்பது நாற்பது சென்ட் வாங்க வேண்டும், ரெண்டு அறையில் ஒரு வீடு கட்ட வேண்டும், நாலு பேரிக்காய் மரம் வைக்க வேண்டும், 2030இல் குறிஞ்சி பூக்கும்போது அங்கேயே இருக்க வேண்டும். 2018இல் பூத்தபோது பள்ளியில் விடுப்பு கிடைக்காமல் போக முடியவில்லை, அது இன்னும் அவர் மனதில் கிடக்கிறது. மதுரை வெயிலில் இத்தனை வருடம் வாத்தியாராக இருந்த மனிதரிடம் அந்த ஆசை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு தரகர் அனுப்பிய இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கக் கிளம்பியபோது மட்டும் கையைப் பிடித்துவிட்டேன். முதலில் அந்த ஊர்ப் பக்கம் போய், நல்ல மழையில், ஊர்க்காரர் வீட்டில் தங்கிப் பார்ப்போம், அப்புறம் முடிவு செய்வோம் என்றேன். அப்படித்தான் நவம்பரில் ஒன்பது நாள் இந்த வீட்டில் இருந்தோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை சாதாரணம், குளியலறை சாதாரணத்துக்கும் கீழே. ஆனாலும் மலையில் இடம் வாங்கும் எண்ணம் உள்ள யாராக இருந்தாலும் இந்த மாதிரி ஒரு வீட்டில் ஒரு வாரமாவது இருந்துவிட்டுத்தான் பத்திரத்தைத் தொட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், இருவருக்கும் காலை, இரவு சாப்பாடு சேர்த்து. வீட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டது. மன்னவனூரைத் தாண்டி, கிளாவரை போகும் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற வழி பற்றிக் கொஞ்சம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, ஊருக்குள் நிற்காமல் பூம்பாறை தாண்டிப் போனால் கொடைக்கானலில் இருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் மன்னவனூர். தூரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். மழையும் மூடுபனியுமாக எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் விழுந்து கிடந்த ஒரு யூக்காலி மரத்தை, பேருந்தில் வந்தவர்களே இறங்கி வெட்டி ஓரமாக இழுத்துப் போட்டார்கள். நடத்துனரிடம் அரிவாள் இருந்தது, அது இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு வீட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இறக்கத்தில் நடக்க வேண்டும். பெட்டி வேண்டாம், தோளில் மாட்டும் பை கொண்டு போங்கள்.

வீடு அந்தக் காலத்து மண் சுவர் வீடு. முன்பு புல் வேய்ந்திருந்ததாம், இப்போது தகரம். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், ஜன்னல் சின்னது. உள்ளே நுழைந்தால் புகை வாசமும் ஈர மண் வாசமும் கலந்து அடிக்கும், இரண்டாம் நாளில் அது பழகிவிடுகிறது. தங்க வருகிறவர்களுக்கு என்று ஒரே அறை, இரண்டு கயிற்றுக் கட்டில், ஆளுக்கு மூன்று கம்பளி. மெத்தை ஈரம் பிடித்த மாதிரிதான் இருந்தது, மாற்றிக் கேட்டேன், மாற்று மெத்தையும் அப்படித்தான் இருந்தது. நவம்பரில் அங்கே எதுவுமே முழுதாகக் காயாது என்று வீட்டுக்கார அக்கா சொன்னது பிறகு எங்கள் துணிகளைப் பார்த்தபோது புரிந்தது. ஐந்தாம் நாள் வரை ஒரு காலுறை காயவில்லை.

முன்பதிவு செய்த தளத்தில் போட்டிருந்த படங்கள் கோடையில், நல்ல வெயிலில் எடுத்தவை. அதில் குளியலறை அறையோடு சேர்ந்திருப்பது போலத் தெரியும். உண்மையில் அது முற்றத்தைத் தாண்டி இருபது அடி, நடுவில் கூரை கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு மழையில், வயதானவருக்கு டார்ச் பிடித்துக் கூட்டிப் போவது எளிதல்ல. இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று வீட்டாரிடமே சொன்னேன். படம் போட்டது அவர்கள் இல்லை, ஏஜென்ட் என்றார்கள். வெந்நீர் விறகடுப்பில் வைத்துத் தருகிறார்கள், நாளைக்கு ஒரு அண்டா, அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் இரண்டு நாள் இல்லை. போனில் பிஎஸ்என்எல் சிம் இருந்தால் வாசல் திண்ணையின் ஒரு மூலையில் பேசலாம். தகரத்தில் மழை பெய்யும்போது அறைக்குள்ளே இரண்டு பேர் பேசிக்கொள்ளவே சத்தம் போட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதற்கு முழு மதிப்பெண். கேப்பைக் களி, பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்குக் கறி, எல்லாம் தோட்டத்தில் இருந்து அன்றே பிடுங்கியது. ஆனால் நான் சொல்ல வேண்டியது பூண்டைப் பற்றி. அடுப்புக்கு மேலே மூங்கில் பரண், அதில் தாளோடு முடிந்த பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்கும். கீழே எரியும் வாட்டில் மர விறகின் புகை நாள் முழுக்க அதில் படும். வெளித்தோல் பழுப்பேறி, தொட்டால் விரலில் கரி ஒட்டும். அக்கா ஒரு பூண்டை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து ஊதினார், கருத்த தோலெல்லாம் பறந்து உள்ளே இளஞ்சிவப்பு ஓடிய பற்கள். ஒரு பல்லை நசுக்கியதும் அறை முழுக்க வாசம், கண்ணில் கொஞ்சம் காரம். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். ஆனால் அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதைப் பூண்டையும் இதே பரணில்தான் பத்திரப்படுத்துகிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பணமுடை வந்தாலும் அந்த மேல் வரிசையில் கை வைக்க மாட்டார்களாம். மீதி மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. நாங்கள் வாங்கி வந்த இரண்டு கிலோவில் அம்மா வைத்த பூண்டுக் குழம்பு அடுத்த நாளும் மணத்தது.

ஒருநாள் மழை விட்ட இடைவெளியில் மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போய் வந்தோம். மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது, 1965இல் இருந்து இருக்கிறது. புல்வெளி அழகு. அப்பா முயல்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது தோட்டத்தில். வீட்டுக்காரர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், அவர்களுடைய நிலம் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பதினான்கு தட்டு. ஒவ்வொரு தட்டையும் தாங்கி நிற்பது சாந்து பூசாத கல் கட்டு. மூன்றாம் நாள் இரவு பெய்த மழையில் அதில் ஒன்று சரிந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பத்தடி நீளத்துக்குக் கல்லெல்லாம் கீழ்த்தட்டில், கூடவே ஒரு பாத்தி கேரட்டும். கீழ்த்தட்டு இவர்களுடையது இல்லை, அண்ணனின் பங்காளி வீட்டுடையது. நான் சண்டை வரும் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டில் இருந்தும் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். மேல்தட்டுக்காரர் கல் அடுக்க வேண்டும், கீழ்த்தட்டுக்காரர் கல் பொறுக்கிக் கொடுக்க வேண்டும், இது அங்கே பேசாமலே இருக்கும் ஏற்பாடு. நானும் நாலு மணி நேரம் கல் தூக்கினேன். பெரிய கல்லின் கனத்த பக்கம் மலைப் பக்கமாகச் சாய வேண்டும், இடையில் சின்னக் கல், அதற்குப் பின்னால் ஜல்லி மாதிரி உடைத்த கல், அப்போதுதான் தண்ணீர் கட்டைத் தள்ளாமல் வடியும். சிமென்ட் பூசினால் தண்ணீர் உள்ளேயே நின்று ஒரே மழையில் மொத்தமாகத் தள்ளிவிடும் என்று அண்ணன் சொன்னார். பக்கத்து மலையில் ஒரு வெளியூர்க்காரர் தோட்டத்தில் அப்படித் தள்ளிக் கிடந்த சுவரையும் காட்டினார். நிலம் வாங்கினால் இந்தக் கட்டும் சேர்ந்துதான் நமக்கு வரும், வருடா வருடம். எந்த விளம்பரத்திலும் இது இருக்காது.

அப்புறம் காட்டு மாடு. இரவில் பூண்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டால் தின்பதைவிட மிதித்து அழிப்பதுதான் அதிகம். அண்ணன் காவல் குடிசையில் படுக்கப் போனபோது ஒரு ராத்திரி நானும் போனேன். மூன்றரை மணி இருக்கும், கட்டுக்குக் கீழே மூச்சு விடும் சத்தம், எருமை தண்ணீர் குடிப்பது போல. டார்ச் அடித்ததும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால், அதற்கு மேலே ஒரு சுவர் மாதிரி உடம்பு. அண்ணன் கத்தவில்லை, தகரத்தை மெதுவாக ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அது தானே திரும்பிப் போனது. எனக்குக் கை நடுக்கம் நிற்க விடியும் வரை ஆனது. இதைத்தான் அவர் வாரத்தில் நாலு ராத்திரி செய்கிறார்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். ஆறாம் நாள் மழை விட்டதும் தரகர் வீடியோவில் காட்டிய இடத்தைப் பார்க்கப் போனோம். தரகர் வருவதாகச் சொல்லி வரவில்லை. மதுரையில் கிளம்பும் முன்பே பட்டாவையும் புல வரைபடத்தையும் அரசின் இணையதளத்தில் சர்வே எண் போட்டு எடுத்து அச்சடித்து வைத்திருந்தேன், காசு எதுவும் இல்லை. அந்த இடத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கமும் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காகிதத்தை நீட்டியதும் அண்ணன், "மொதல்ல கல்லத் தேடுவோம் தம்பி, காயிதத்த அப்புறம் பாப்போம்" என்றார். உண்ணிச் செடிக்குள் அரிவாளை விட்டுத் துழாவி இரண்டு அளவுக்கல்லைக் கண்டுபிடித்தார். அந்த இரண்டு கல்லையும் வைத்து வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தபோது எங்களுக்கு வயிற்றில் என்னவோ செய்தது. வீடியோவில் ஓடையோரம் பச்சைப்பசேல் என்று, வீடு கட்ட அளவெடுத்த மாதிரி சமதளமாக ஒரு இடம் தெரியுமே, அது மனைக்குள் இல்லவே இல்லை. அது ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். பட்டாவில் உள்ள நிலம் அதற்கு மேலே ஆரம்பிக்கும் சரிவு.

அளவு விஷயத்திலும் ஒன்று. 40 சென்ட் என்றால் பட்டாவில் 16 ஏர் (ஒரு ஏர் நூறு சதுர மீட்டர்) சொச்சம் இருக்கும், அது சரியாகவே இருந்தது. ஆனால் வரைபடத்தில் இருப்பது சரிவை அளந்த நீளம் இல்லை, கிடைமட்ட அளவு. நடந்து பார்த்தால் இடம் பெரிதாகத் தெரியும். அதில் வீடு நிற்க வேண்டிய தளத்தை வெட்டி எடுக்க முயன்றால் பாதி நிலம் கட்டுக்கும் படிக்கும் போய்விடும். வெட்டுவதும் நம் இஷ்டம் இல்லை. ஹாகா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் தனி அனுமதி நடைமுறை 1990இல் இருந்தே இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் 1955ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தரகர் இதில் ஒன்றைக்கூட வாயால் சொல்லவில்லை, "எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றதோடு சரி.

அண்ணன் வாங்காதீர்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டார். தண்ணி எங்கே இருந்து வருது, வழி யாரு நிலத்துல போகுது, கையெழுத்து எத்தனை பேரு போடணும். மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அவரே காட்டினார். மேலே சுனையில் இருந்து கறுப்பு ஓஸ் பைப் ஒன்று பல வீட்டு நிலத்தின் வழியாக வருகிறது, அதில் ஆளுக்கு ஒரு முறை, புதிதாக வருகிறவருக்கு முறை கிடையாது, கேட்டு வாங்க வேண்டும். வண்டிப்பாதை என்று வீடியோவில் ஓட்டிக் காட்டியது இன்னொருவருடைய பட்டா நிலம், அவர் இன்று விடுகிறார், பத்திரத்தில் பாதை பாத்தியம் எழுதாவிட்டால் நாளைக்கு முள் வைத்து அடைக்கலாம். பட்டா கூட்டுப் பட்டா, தாத்தா பெயரோடு சேர்த்து ஏழு பெயர். அதில் மூன்று பேர் உயிரோடு இல்லை, வாரிசுகள் திருப்பூரிலும் கோவையிலும். தரகர் கையில் இருந்தது ஒரே ஒருவர் கொடுத்த பவர் பத்திரம். ஒருவர் பவரை வைத்து ஏழு பேர் சொத்தைக் கிரையம் வாங்கினால் மீதிப் பேர் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆன பிறகு வாருங்கள் என்று சொல்வதுதான் சரி, அப்படியே தரகரிடம் சொல்லிவிட்டோம். மூலப் பத்திரமும் கேட்டோம், இன்று வரை வரவில்லை.

அன்று மாலை அப்பா திண்ணையில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அக்கா சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, எங்க மாமனாரு கட்டுன வீடு இது, எங்க மகன் திருப்பூர்ல இருக்கான், அவனுக்கு இங்க வர விருப்பம் இல்ல. நீங்க இங்க வர ஆசப்படுறீங்க. நெலம் வாங்காட்டி என்ன, வருசா வருசம் வாங்க, வந்து இருங்க" என்றார். இந்த வீட்டையே விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் தருவதாகச் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அண்ணன் வீட்டார் வீட்டைக் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, பரணில் தொங்கிய விதைப் பூண்டு ஞாபகம் வந்தது.

ஏழாம் நாள் இரவு நடந்ததையும் எழுத வேண்டும், வயதானவர்களோடு போகிறவர்களுக்காக. ஆறாயிரம் அடிக்கு மேல் உயரம், குளிர், அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து அப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் கையில் இருந்தது, ஆனாலும் அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. கொடைக்கானல் அரசு மருத்துவமனை போக அந்த மழை ரோட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே அவர் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு அண்ணன் எழுந்து போய் அந்த மழையிலும் ஜீப்காரரை எழுப்பி, வண்டியை ரோட்டில் திருப்பி நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். தேவைப்படவில்லை. ஜீப்காரர் விடியும் வரை வண்டியிலேயே இருந்தார், காசு கொடுத்தபோது வாங்கவில்லை. வயதான காலத்தில் தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டு மலையில் இருப்பது என்றால், ராத்திரியில் எழுப்ப இப்படி ஒரு ஆள் வேண்டும். அதை விலைக்கு வாங்க முடியாது, பல வருடம் பழகித்தான் வரும். அப்பாவும் அடுத்த நாள் காலை இதைத்தான் சொன்னார், நான் சொல்வதற்கு முன்பே.

இரண்டு நாள் சுற்றிப் பார்க்க, படம் எடுக்க, ஹீட்டரும் டிவியும் வேண்டும் என்றால் இந்த வீடு உங்களுக்குச் சரிப்படாது, கொடைக்கானல் ஊருக்குள்ளேயே தங்குங்கள். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மார்ச், ஏப்ரலில் போங்கள், அடுப்பு இருக்கும் பக்கம் படுக்காதீர்கள், வழக்கமான மருந்தை இரண்டு மடங்கு கையிருப்பாகக் கொண்டு போங்கள். மலையில் இடம் பார்க்கிறவர்கள் மட்டும் கட்டாயம் மழைக்காலத்தில் போங்கள், கூடவே பட்டா, புல வரைபடம், வில்லங்கம் மூன்றையும் அச்சடித்துக் கொண்டு போங்கள். வீட்டாரைத் தரகர் வேலை பார்க்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு அது பிடிக்காது. பக்கத்து நிலத்துக்காரரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அது போதும்.

அப்பா நிலம் வாங்கவில்லை. ஏப்ரலில் இருபது நாளுக்கு அதே அறையைச் சொல்லி வைத்திருக்கிறார், குளியலறைக்குப் போகும் வழிக்குத் தகரம் போட முன்பணமாக ஐயாயிரமும் கொடுத்துவிட்டு வந்தார். அறை ஒன்றே ஒன்றுதான். போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், காய்ந்த விறகு சேர்த்து வைக்க அவர்களுக்கு அவ்வளவு நாள் வேண்டும்.